ஒரே செய்மதி, ஊருக்கு ஊர் வேறு சனல்: எப்படி?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. லண்டனில் அக்கா வீட்டில் ஸ்கை செய்மதிச் சேவையின் பொக்ஸில் 101ஐ, அதாவது பிபிசி வன் சனலை, அழுத்தினால் மாலை ஆறரைக்கு லண்டன் செய்தி வருகிறது. மான்செஸ்டரில் தம்பி வீட்டிலும் அதே டிஷ், அதே 101, ஆனால் அங்கே வருவது வடமேற்கு இங்கிலாந்தின் செய்தி. இது எப்படி என்பது முதலாவது. அதே முறையில் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் ஒரு சனலை இங்கே கொடுக்கலாமா என்பது இரண்டாவது. கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் டிஷ்ஷில் சில சனல்கள் மட்டும் வராமல் இருப்பதற்குப் பிரதேசப் பூட்டுத்தான் காரணமா என்பது மூன்றாவது.

செய்மதி பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. தரையிலிருந்து வரும் அலையை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பலப்படுத்தித் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. வீட்டு டிஷ்ஷிலிருந்து மேலே எதுவும் போவதில்லை என்பதால் யார் எங்கே பார்க்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே "இந்த ஊருக்கு இந்தச் சனல்" என்பதைத் தீர்மானிக்க மூன்று இடங்கள்தான் உண்டு. செய்மதியின் அன்டனா எந்த நிலப்பரப்பில் அலையைக் குவிக்கிறது. பொக்ஸில் உள்ள கார்ட் எதைத் திறக்க அனுமதி பெற்றிருக்கிறது. பொக்ஸ் எந்த இலக்கத்தில் எந்தச் சனலைக் காட்டுகிறது. கற்றை, பூட்டு, பட்டியல் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் போடுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

கற்றையிலிருந்து தொடங்குவோம். அதன் அகலம் செய்மதியிலுள்ள அன்டனாவின் விட்டத்தைப் பொறுத்தது. அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து 70ஆல் பெருக்கினால் கற்றையின் கோணம் ஏறக்குறையப் பாகையில் கிடைக்கும். வீட்டு டிஷ்கள் வாங்கும் கேயூ பேண்டில், 12 கிகாஹேர்ட்ஸ் அளவில், அலைநீளம் 2.5 சென்ரிமீற்றர். அன்டனா 2 மீற்றர் என்றால் கோணம் 0.9 பாகைக்குச் சற்றுக் குறைவு. தரைக்கு வரும்போது அது ஏறக்குறைய 550 கிலோமீற்றர் அகலமான வட்டமாகிவிடும். இலங்கையின் நீளமே 430 கிலோமீற்றர் அளவுதான். ஒரு 2 மீற்றர் அன்டனாவின் மிகக் குறுகிய கற்றைக்குள் முழுத் தீவும் அடங்கி, தமிழ்நாட்டின் தென்பகுதியும் சேர்ந்துவிடும்.

இனி யாழ்ப்பாணத்தைக் கொழும்பிலிருந்து பிரிக்க வேண்டுமென்று வையுங்கள். இரண்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 300 கிலோமீற்றர். வட்டம் 150 கிலோமீற்றருக்குள் நிற்க வேண்டுமானால் அதே கணக்கில் 7 மீற்றருக்கு மேற்பட்ட அன்டனா தேவை. ரொக்கெட்டின் தலைக்கூடு வழமையாக 4, 5 மீற்றர் அகலந்தான். அப்படியானால் விண்வெளியில் விரியும் வலை அன்டனா வேண்டும். நமது ஒரு மாகாணத்துக்காக அப்படியொரு செய்மதியை யாரும் கட்டப்போவதில்லை. கற்றையால் யாழ்ப்பாணத்தைத் தனியாக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

சிறு கற்றைகள், அதாவது ஸ்பொட் பீம்கள், பெரிய நாடுகளில்தான் பயன்படுகின்றன. அங்கேயும் மற்ற ஊர்க்காரர் பார்க்காமல் தடுப்பது முதல் நோக்கமல்ல. இடம் போதாமைதான் பிரச்சினை. அமெரிக்காவில் தொலைக்காட்சிச் சந்தை 210 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர் நிலையங்கள் பல. அந்தந்த ஊர் நிலையங்களைச் செய்மதி வழியாக அதே ஊருக்குத் திருப்பிக் கொடுக்க 1999 நவம்பரில் சட்டம் இடம் கொடுத்தது. ஓர் ஊரின் ஒரு நிலையத்தை அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தால், கேட்கும் மற்ற நிலையங்களையும் எடுக்க வேண்டும் என்ற விதி 2002 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பகுதிக்கு ஐந்து நிலையம் என்று குறைத்துப் பிடித்தாலும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு செய்மதி நிலையிலோ அங்கே 32 அலைவரிசைகள்தான், அன்றைய சுருக்கமுறையில் ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு சனல்கள். நாடு முழுவதுக்கும் ஒரே கற்றை என்றால் கணக்கு உதைக்கும். அதனால்தான் டிரெக்டிவி-4எஸ் 2001 நவம்பரிலும் எக்கோஸ்டார்-7 2002 பெப்ரவரியிலும் ஸ்பொட் பீம்களுடன் ஏவப்பட்டன. நியூயோர்க்கின் மேல் ஓர் அதிர்வெண்ணில் போகும் அதே இடத்தில், தொலைவிலுள்ள இன்னொரு நகரத்தின் மேல் வேறு சனல்கள் போகும். அயல் கற்றைகளுக்கு வேறு அதிர்வெண்ணோ வேறு துருவமுனைவோ (அலை கிடையாக அதிர்கிறதா, செங்குத்தாக அதிர்கிறதா என்பது) கொடுத்து, தூரத்துக் கற்றைகளில் பழையதைத் திருப்பிப் பயன்படுத்துவார்கள். பக்கத்துக் கற்றையின் கசிவு கூடினால் டிஷ் எவ்வளவு சரியாக நின்றாலும் தரம் விழும். இந்தக் கட்டுப்பாடுதான் ஓர் அதிர்வெண்ணை எத்தனை தடவை திருப்பலாம் என்பதை முடிவுசெய்கிறது.

கற்றையின் விளிம்பு மதில் போல நிற்பதில்லை. விளிம்பு என்று வரைபடத்தில் போடுவது நடுவிலுள்ள சக்தியில் பாதி கிடைக்கும் கோட்டைத்தான். நடுவில் 60 சென்ரிமீற்றர் டிஷ் போதுமென்றால், அந்தக் கோட்டில் 85 சென்ரிமீற்றர் வைத்தால் அதே தரம் வரும். இன்னும் வெளியே போனால் சக்தி வேகமாகக் குறையும், ஆனால் பெரிய டிஷ்ஷுக்குக் கொஞ்சம் எட்டும். இந்திய மக்களுக்காக 93.5 பாகை கிழக்கிலுள்ள ஜிசாட்-15 மூலம் பூட்டில்லாமல் விடப்படும் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இங்கேயும் வருவது இதனால்தான். பாக்கு நீரிணையில் அலை நின்றுவிடுவதில்லை.

எல்லை துல்லியமாக வேண்டுமென்றால் பூட்டு வேண்டும். பூட்டிய சனலின் படமும் ஒலியும் ஒரு திறவுச் சொல்லால் குழப்பி அனுப்பப்படும். அந்தச் சொல் சில செக்கன்களுக்கு ஒருமுறை, வழமையாகப் பத்துச் செக்கன் அளவில், மாறிக்கொண்டே இருக்கும். மாறும் சொல்லையும் மறைகுறியிட்டு அதே அலையில் அனுப்புவார்கள். அதை உடைத்து வாசிக்கும் உரிமை கார்ட்டில் இருந்தால் படம் தெரியும். உரிமையைக் கொடுப்பதும் எடுப்பதும் வேறொரு செய்தி. அது உங்கள் கார்ட் இலக்கத்துக்கு முகவரியிட்டு வருகிறது. பொதி, காலாவதித் திகதி, பிரதேசக் குறி எல்லாம் அதற்குள் இருக்கும். இந்தச் செய்திகள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வரிசையில் சுற்றிச் சுற்றி ஒளிபரப்பாகின்றன. காசு கட்டியவுடனே படம் திறக்காமல் பத்து இருபது நிமிடம் போவதற்கு அந்த வரிசை ஒரு காரணம். சில கிழமைகள் பொக்ஸை நிறுத்தி வைத்திருந்தால் புதுப்பிக்கும் செய்தியை அது தவறவிட்டிருக்கும், கட்டணம் சரியாக இருந்தும் பூட்டியே நிற்கும்.

பூட்டும் கற்றையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் என்பதற்குப் பிபிசி நல்ல உதாரணம். 2003 ஜூலையில் பிபிசி தன் சனல்களின் பூட்டை எடுத்துவிட்டு, பிரித்தானியாவை நோக்கி இறுக்கமாகக் குவித்த அஸ்ட்ரா 2டி செய்மதியில் அவற்றை வைத்தது. ஐரோப்பாவுக்குள் பரவும் அளவு குறைந்ததால், நிகழ்ச்சி உரிமை வைத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்லக்கூடியதாக இருந்தது. ஆனால் அந்தக் கற்றையும் முழுப் பிரித்தானியாவுக்கும் ஒன்றுதான். லண்டன் பதிப்பும் மான்செஸ்டர் பதிப்பும் சேர்ந்தே இரண்டு வீட்டுக் கூரையிலும் விழுகின்றன.

அக்காவுக்கும் தம்பிக்கும் 101இல் வேறு வேறு செய்தி வருவது பட்டியலின் வேலை. ஒளிபரப்பில் படத்துடன் அட்டவணைகளும் ஓடுகின்றன: எந்த அலைவரிசையில் எந்தச் சேவை, அதன் அடையாள எண் என்ன, இன்ன பிரதேசத்தவருக்கு 101 என்றால் எந்தச் சேவை என்று. கார்ட்டைப் பதிந்தபோது கொடுத்த தபால் குறியீட்டை வைத்து பொக்ஸுக்கு ஒரு பிரதேச இலக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். பொக்ஸ் அட்டவணையில் தன் பிரதேச வரியைப் பார்த்து அந்தச் சேவையை 101இல் உட்கார்த்துகிறது. மற்றப் பிரதேசங்களின் பதிப்புகளையும் பட்டியலின் கடைசிப் பக்கம், 900களில், வைத்திருந்தார்கள். தம்பி நினைத்தால் லண்டன் செய்தியையும் பார்க்கலாம், தடை எதுவுமில்லை. மாதச் சந்தா இல்லாத ஃப்ரீசெட் பொக்ஸ் முதன்முறை போடும்போது தபால் குறியீட்டைக் கேட்பதும் இதற்காகத்தான். வீடு மாறியவர் குறியீட்டை மாற்றாவிட்டால் பழைய ஊரின் செய்தி வந்துகொண்டே இருக்கும்.

இன்னுமொரு நுட்பம் இருக்கிறது. நமக்குப் பொருந்துவது அதுதான் என்பது என் அபிப்பிராயம். பிரதேசப் பதிப்பு என்றாலும் நாளின் பெரும்பகுதி எல்லாருக்கும் ஒரே நிகழ்ச்சிதான். அரை மணி நேரச் செய்தி மட்டும் வேறு. ஒரே படத்தைப் பத்துத் தடவை அனுப்புவது வீண். ஜேர்மனியின் டபிள்யூடிஆர் தொலைக்காட்சி மாலை 7.30 முதல் 8 மணி வரை பல நகரங்களுக்குத் தனித்தனி உள்ளூர்ச் செய்தி கொடுக்கிறது. பட்டியலில் அவை தனித்தனிச் சனல்கள். ஆனால் மற்ற நேரத்தில் எல்லாச் சனலின் அட்டவணையும் ஒரே படத்தையே சுட்டும். ஏழரைக்கு அட்டவணையின் பதிப்பு எண் மாறும், ஒவ்வொரு சனலும் தன் ஊர்ப் படத்துக்குத் தாவும், எட்டு மணிக்குத் திரும்பும். மலிவான சில பொக்ஸ்கள் சனலைத் திறக்கும்போது மட்டும் அட்டவணையை வாசித்துவிட்டு மறந்துவிடுகின்றன. அவற்றில் ஏழரைக்குப் படம் மாறாது, அல்லது எட்டுக்குத் திரும்பும்போது கறுப்பாகும். சனலை மாற்றி மறுபடி வந்தால் சரியாகும். கம்பனியே பொக்ஸ் கொடுக்கும் சேவையில் இதை மென்பொருள் மேம்படுத்தலால் தீர்க்கலாம்.

இப்போது யாழ்ப்பாணம். ஒரு 36 மெகாஹேர்ட்ஸ் டிரான்ஸ்பொண்டரை, அதாவது செய்மதியில் ஓர் அலைவரிசையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியை, எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வழமையான செய்மதி ஒளிபரப்பு முறையான டிவிபி-எஸ்2இல் நடுத்தர அமைப்பு வைத்தால் கிடைப்பது செக்கனுக்கு ஏறக்குறைய 66 மெகாபிட். சாதாரணத் தரச் சனல் ஒன்று எச்.264 படச் சுருக்கமுறையில் 2 மெகாபிட் கேட்கும், எச்டி 5 முதல் 6 வரை. யாழ்ப்பாணத்துக்கென்று 24 மணி நேரச் சனல் வைத்தால் அந்த 2 மெகாபிட் நாள் முழுக்க, தீவு முழுவதற்கும் போய்க்கொண்டே இருக்கும். காலியிலும் அந்த இடம் நிரம்பியிருக்கும். வாடகை பார்ப்பவர் எண்ணிக்கைக்கு அல்ல, பிடித்திருக்கும் இடத்துக்கு. அதற்குப் பதிலாக ஏற்கெனவே ஓடும் ஒரு தமிழ்ச் சனலில் மாலையில் அரை மணி நேரப் பிரதேச நேரம் திறந்தால், வடக்கு, கிழக்கு, மலையகம், வன்னி, கொழும்பு என்று ஐந்து பதிப்புக்கும் சேர்த்து 10 மெகாபிட். அதுவும் அந்த அரை மணிக்கு மட்டும். அந்த நேரத்தில் மற்றச் சனல்களின் பிட் அளவைக் கொஞ்சம் இறுக்கினால் புதிய டிரான்ஸ்பொண்டர் வாடகையே தேவைப்படாது. பூட்டும் வேண்டாம், பட்டியல் போதும்: வாடிக்கையாளர் பதிவு முகவரி 40000 என்றால் யாழ்ப்பாணம், 00600 என்றால் வெள்ளவத்தை. கொழும்பிலிருந்து ஊர்ச் செய்தி பார்க்க விரும்புபவர் அதைப் பட்டியலின் கடைசியில் தேடி எடுத்துக்கொள்ளட்டும். அதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை.

பணமும் கவலையும் உண்மையில் தேவைப்படும் இடம் தரையில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணக் கலையகத்திலிருந்து, செய்மதிக்கு அலையை ஏற்றும் மேலேற்று நிலையத்துக்குப் படம் வர வேண்டும். ஃபைபரில் 8 மெகாபிட் கொடுத்தால் தரம் தாராளம். ஆனால் ஒற்றைப் பாதையை நம்பினால், ஏ9 வீதியில் யாரோ குழி வெட்டும்போது கேபிளும் வெட்டுப்பட்டு வட மாகாணச் செய்தி நடுவில் நின்றுவிடும். வேறு பாதையில் இன்னொரு ஃபைபர், அல்லது பல சிம்களைச் சேர்த்து ஓடும் 4ஜி கருவி, உடனே மாற எப்போதும் ஓடிக்கொண்டே தயாராக நிற்க வேண்டும். இரண்டு பாதைக்கும் தாமதம் வேறு என்பதால், மாறும்போது ஒலி முந்தியோ பிந்தியோ போகாமல் பெறும் பக்கத்தில் ஒன்று, இரண்டு செக்கன் படத்தைச் சேமித்து வைக்கும் இடைத்தாங்கல் வைப்பது அவசியம். ஐந்து ஊர்ப் படமும் ஒரே கணத்தில் தொடங்கி முடிய வேண்டும். ஓர் ஊர் பத்துச் செக்கன் நீண்டால் அந்த ஊருக்கு அடுத்த விளம்பரத்தின் தலை வெட்டுப்படும். விளம்பரதாரர் அதை மன்னிக்க மாட்டார்.

மழையும் இருக்கிறது. கேயூ பேண்டை மழைத்துளி விழுங்கும். செய்மதிக்கு ஏறும் அலை 14 கிகாஹேர்ட்ஸ் பக்கம் என்பதால் இறங்கும் அலையை விட அதற்கு அடி கூட. உங்கள் கூரைக்கு மேல் கொட்டும் மழை உங்கள் வீட்டுப் படத்தை மட்டுமே கெடுக்கும். மேலேற்று நிலையம் கொழும்புப் பக்கம் இருந்து, ஏப்ரல் அல்லது ஒக்டோபர் மாதப் பின்னேர இடிமழை அதன் மேல் கொட்டினால், மட்டக்களப்பில் வெயிலடித்தாலும் அங்கேயும் படம் உடையும். மழைக்கேற்ப அனுப்பும் சக்தியைத் தானாகக் கூட்டும் ஏற்பாடு ஓரளவுக்குத் தாங்கும். அதற்கு மேல் முப்பது, நாற்பது கிலோமீற்றர் தள்ளி இரண்டாவது மேலேற்று நிலையம் வைப்பதுதான் வழி. ஃபைபரில் வரும் பியோ டிவி போன்ற சேவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே வீட்டுக்கு வருவதே கேட்ட சனல் மட்டுந்தான் என்பதால் பிரதேசப் பதிப்பும் மிக எளிது. ஆனால் ஃபைபர் போகாத தோட்டப்புறத்துக்கும் தீவகத்துக்கும் செய்மதிதான் கை கொடுக்கும்.

கடைசியாக உங்கள் வீட்டு டிஷ். திரையில் வரும் செய்தியை முதலில் கவனியுங்கள். "சிக்னல் இல்லை" என்றால் பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அனுமதி இல்லை, பூட்டப்பட்டுள்ளது என்ற கருத்தில் ஏதாவது வந்தால் அலை நன்றாக வருகிறது, உரிமைதான் இல்லை: பொக்ஸை அணைக்காமல் அதே சனலில் அரை மணி விட்டு, வாடிக்கையாளர் பிரிவிடம் புதுப்பிப்புச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இலக்கமே பட்டியலில் இல்லை என்றால் மறுபடி ஸ்கேன்.

"சிக்னல் இல்லை" என்பது சில சனலுக்கு மட்டும் வந்தால், வராத சனல்களின் அதிர்வெண்ணையும் துருவமுனைவையும் எழுதிப் பாருங்கள். காரணம் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். கிடை முனைவுச் சனல்கள் மட்டும் இல்லை என்றால் எல்.என்.பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் தலைக்கு, 18 வோல்ட் போய்ச் சேரவில்லை. பொக்ஸ் செங்குத்துக்கு 13, கிடைக்கு 18 வோல்ட் அனுப்பித்தான் முனைவை மாற்றுகிறது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் வெளியே கேபிள் நுனியில் இருக்கும் எஃப் கனெக்டர் பச்சை பூத்து வோல்ட்டை விழுங்குவது சாதாரணம். நுனியை வெட்டிப் புதிதாகப் போட்டு, நீர் புகாத டேப் சுற்றுங்கள். யூனிவர்சல் எல்.என்.பியில் 11,700 மெகாஹேர்ட்ஸுக்கு மேலுள்ளவை மட்டும் இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மாறச் சொல்லிப் பொக்ஸ் அனுப்பும் 22 கிலோஹேர்ட்ஸ் தொனி போகவில்லை, பொக்ஸின் எல்.என்.பி அமைப்பைப் பாருங்கள்.

ஒரு முனைவு முழுக்கப் பலவீனமாக, வந்து வந்து போவதாக இருந்தால் எல்.என்.பியின் சுழற்சிக் கோணம் பிழை. கொழும்பில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் பூமத்திய ரேகைக்கு அருகில் இந்தக் கோணம் மிகப் பெரிது. 93.5 பாகைச் செய்மதிக்குக் கொழும்பிலிருந்து உண்மை வடக்கிலிருந்து 116 பாகைத் திசை, 72 பாகை உயரம். செய்மதியின் முனைவு பூமத்திய ரேகையோடு ஒத்து நின்றால் எல்.என்.பி சுமார் 63 பாகை திரும்பியிருக்க வேண்டும். அதே செய்மதிக்குச் சென்னையில் 45 பாகை போதும். சென்னைக்காகச் சொன்ன அளவை அப்படியே இங்கே வைத்தால் 18 பாகை பிழை. ஒரு முனைவின் அலை மற்றதற்குள் கலந்துவிடும். எல்.என்.பிப் பிடியைத் தளர்த்தி, சிக்னல் அளவை விட்டுவிட்டுத் தர அளவை மட்டும் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பாகையாகத் திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு ஐந்து செக்கன் பொறுங்கள், பொக்ஸ் மறுபடி அளக்க அவ்வளவு நேரம் எடுக்கும். இரண்டு முனைவிலும் ஒவ்வொரு சனலை மாறி மாறிப் பார்த்து, இரண்டும் சேர்ந்து உயரும் இடத்தில் இறுக்குங்கள்.